மெதுவாக ஓடிய எஞ்சின்

அன்பு மகனுக்கு,

படகு எஞ்சினின் மூடியில் ஒயில் வெளுத்திருந்ததை நான் அனுப்பிய படத்தில் பார்த்துவிட்டு, தம்பி கவனமில்லாமல் உப்புத்தண்ணீரைப் புகவிட்டான், நீ வாங்கித் தந்த அந்த எஞ்சினை விற்றுவிட வேண்டும் என்றாய். விஷயம் அதுவல்ல, அதனால் எழுதுகிறேன்.

ஒயில் பார்க்கும் அளவுகோலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். தண்ணீர் புகுந்திருந்தால் ஒயில் மட்டம் ஏறியிருக்கும், ஏறவில்லை. மூடியின் அடியில் மட்டும்தான் வெள்ளை நுரை. என் கணிப்பை நம்பாமல் ஆரையம்பதி மெக்கானிக்கிடமும் காட்டினேன்.

"சூடாகாத எஞ்சின் உள்ளுக்கு இப்பிடித்தான் வேர்க்கும் ஐயா. ஆர் இவ்வளவு மெதுவா ஓடுறது?" என்றார்.

உன் அம்மா போனபிறகு, காலையில் வலை எடுக்கப் போகும்போது தம்பி என்னையும் ஏற்றிக்கொள்கிறான். நான் படகின் பலகையைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்பேன். "நீங்க ஏறினா எஞ்சினுக்கும் பயம் வந்திரும் அப்பா" என்று சிரிப்பான். ஆனால் ஒருநாளும் வேகம் கூட்டியதில்லை. என்னைக் கரையில் விட்டுப் போனால் எஞ்சின் தப்பும். அதையும் அவன் சொல்லவில்லை.

புது ஒயில் ஊற்றியாயிற்று. எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும் என்று, நாளை முகத்துவாரம் வரை முழு வேகத்தில் ஓட்டத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நானும் ஏறுவேன். திரும்பி வந்து மூடியைத் திறந்து படம் அனுப்புகிறேன். அதுவரை விற்கும் பேச்சை எடுக்காதே.

இப்போதே பலகையை இறுகப் பிடித்திருக்கும்
அப்பா