துடைத்தது யார்

சிடோஆர்ஜோ,
நோன்பு பதினேழாம் நாள்.

என் பேத்தி வெனிங்குக்கு, சுமியாத்திப் பாட்டி நல்வாக்குச் சொல்லி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, வாத்துகள் எல்லாரும் சுகம். அங்கே பாத்தாமில் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாக இருக்கும். போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும். அதனால்தான் கடிதம். கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்கு முன் கிடைத்துவிடும்.

நீ அனுப்பிய செய்தியை உன் அம்மா வாசித்துக் காட்டினாள். நீ பரிசோதிக்கும் அந்த வகை விமான எஞ்சின் எல்லாவற்றிலும் எரிபொருள் குழாய் கசிகிறதா என்று பார்த்தே தீர வேண்டும் என்று உத்தரவாம். மூன்றைப் பார்த்துவிட்டாய். நாலாவதை ஓட்டிப் பார்க்க நேரமில்லை என்கிறார் உன் மேலாளர். "நேத்து நானே பார்த்தேம்மா, காஞ்சுதான் கிடக்கு. வெள்ளிக்குள்ள சரின்னு முத்திரையைக் குத்து. பெருநாளுக்கு ஊருக்குப் போற சனம் காத்துக் கிடக்கு" என்றாராம். குத்தாவிட்டால் அடுத்த வருடம் வேலை இல்லை. நீ ஊருக்கு வர டிக்கெட் எடுத்திருப்பதும் அதே விமானத்தில்தான். என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய்.

நம் தெரு ஹார்டிமான் செத்ததற்கு நான் போகவில்லை என்று தெருவே பேசியது உனக்குத் தெரியும். ஏழாம் நாள் சடங்குக்கு அவன் வீட்டிலிருந்து வந்த சோற்றை வாத்துக்குப் போட்டேன். "செத்தவர் மேல என்னம்மா கோபம்?" என்று உன் அம்மா கத்தினாள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

முப்பத்தேழு வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை. விமானக் கொட்டகையில் உன் தாத்தா எஞ்சின் பரிசோதகர், நான் துப்புரவு வேலை. ஹார்டிமான் எங்களுக்குத் தலைவன். அன்றைக்குப் பச்சைச் சட்டை, இடது கைப் பொத்தான் அறுந்து தொங்கியது. காலையில் எஞ்சினை ஓட்டி நிறுத்தியிருந்தார்கள். ஓட்டிய பிறகு எங்கேயாவது ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது தாத்தாவின் வேலை. அவர் வருவதற்குள் ஹார்டிமான் வந்தான். "பெரிய மனுசங்க வர்றாங்க சுமி. எஞ்சின் அடியில மூஞ்சி தெரியணும்" என்றான். துடைத்தேன். ஒரு குழாய் இணைப்பில் ஈரம், விமான எரிபொருளின் மண்ணெண்ணெய் வாடை. இன்னும் அழுத்தித் துடைத்தேன். துணியை அலசிக் காயவும் போட்டேன். அப்புறம்தான் தாத்தா டார்ச் விளக்கோடு வந்தார். பார்த்தார். முத்திரை குத்தினார்.

விமானம் கிளம்பிய இருபதாவது நிமிடம் அந்த எஞ்சினில் தீ. திருப்பி இறக்கிவிட்டார்கள். உயிர் போகவில்லை, அவசரச் சறுக்கில் இறங்கும்போது ஒரு பணிப்பெண்ணுக்குக் கால் முறிந்தது. தாத்தாவின் முத்திரையைப் பிடுங்கிக்கொண்டார்கள். சாகும்வரை சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டினார். "காஞ்சுதான் இருந்துச்சு, என் கண்ணால பார்த்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வருகிறவர்கள், "சக்கரத்தையாவது ஒழுங்காப் பார்த்தியா டார்மின்?" என்று சிரிப்பார்கள். சிரித்தவர்கள் ஐந்து பேர். பெயர் கேட்டால் இப்போதும் சொல்வேன்.

அவர் சரியாகத்தான் பார்த்தார். அந்த ஈரத்தை நான் துடைத்ததைத் தீப்பிடித்த அன்றைக்கே ஹார்டிமானிடம் சொன்னேன். "வாயைத் திறந்தா உன் வேலையும் போயிரும். புள்ளைக்கு என்ன போடுவே?" என்றான். அவன் சொன்னது ஒரே தடவை. அதன் பிறகு தாத்தா உயிரோடு இருந்த இருபத்திரண்டு வருடமும் வாயைத் திறக்காமல் இருந்தது நான்தான்.

அதனால் காய்ந்து கிடக்கிறது என்று யாராவது சொன்னால், துடைத்தது யார் என்று முதலில் கேள். துப்புரவுக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு, திட்டமாட்டேன் என்று சொல்லிக் கேள். பிறகு உன் கையால் துடை, எஞ்சினை ஓட்டச் சொல், உன் கண்ணால் பார். அதுவரை குத்தாதே. விமானம் நின்றால் நிற்கட்டும். நீ வராவிட்டால் உன் பங்குக் கோழிக் குழம்பை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். வேலை போனால் வா, வாத்து முட்டையை உப்பில் ஊறப்போட்டு விற்கலாம்.

பெருநாளன்று சின்னவர்கள் பெரியவர்கள் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்பது நம் வழக்கம். இந்த வருடம் நான் உன்னிடம் கேட்கிறேன். தாத்தாவுக்குப் பிறகு இந்த வீட்டில் முத்திரை பிடித்த கை உன்னுடையது. அவருக்குப் பதிலாக நீ மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல். உன் அம்மாவிடம் பெருநாளுக்கு முன் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் கண் மங்காமல் இருக்கட்டும்.

பாட்டி
சுமியாத்தி