பூக்கட்டிக் கேட்காத பாதை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்குக் கொடைக்கானல் குளிர் பழகிவிட்டது.

இங்கே ஒரு மலைக்கிராமத்தில், பழங்கோயில் சுவரைத் தொடாமல், சிமெண்ட் இல்லாமல், உள்ளூர்க் கல்லை அடுக்கியே சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை போட்டுவந்தேன். சாமியிடம் பூக்கட்டி உத்தரவு கேட்காமல் தொடங்கியது என் தப்பு. ஊரார் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"எங்ககிட்ட கேட்டீக, சாமிகிட்ட கேட்டீகளா இன்ஜினியரே?" என்றார் பூசாரி சின்னச்சாமி.

"பதினோரு வருசமா நான் வாசல்லயே கெடக்கேனே, அதை யாரு சாமிகிட்ட கேட்டீங்க?" என்று நாற்காலியிலிருந்து கத்தினார் பாண்டிச்செல்வி அக்கா.

அடுத்த வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ என்று மடித்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுப்பார்கள்; சிவப்பு வந்தால் பாதையைப் பிரித்துவிட வேண்டும்.

சாமி குடியிருக்கும் ஊர் என்று இந்தக் கிராமத்துக்குள் யாரும் செருப்புப் போடக்கூடாது. பாதம் வெடித்துவிட்டது, விளக்கெண்ணெய் அனுப்புங்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் வெள்ளியன்று வெள்ளனே விளக்கேற்றி, வெள்ளைப் பூ வரவேண்டுமென்று கேளுங்கள். கடிதத்தைக் கொண்டுபோகும் ஜீப் கிளம்புகிறது.

செல்வமுருகன்