மகள் மாற்றிய பாஸ்வேர்டு

செவ்வாய்க்கிழமை, இரவு.

நான்கு நாளாக டிவியில் படம் எதுவும் ஓடவில்லை. லாகின் செய்ய முடியவில்லை என்றே வருகிறது. வைஃபையை அணைத்துப் போட்டேன். ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைக் கழற்றி மாட்டினேன். காலையில் வேலந்தாவளத்திலிருந்து மெக்கானிக் வந்து ரீசெட் செய்து பார்த்தார்.

"ஸ்டிக்குல ஒரு கொறையும் இல்லீங்க. அக்கவுண்ட் யாரு பேர்ல இருக்குதுங்க?"

"மக பேர்ல."

"அவங்க பாஸ்வேர்ட மாத்தீட்டாங்க. போன் பண்ணிக் கேட்டுருங்க."

போன மாதம் நடந்த அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மனைவியையும் போக விடவில்லை. அதன் பிறகு அவளோடு பேச்சில்லை. மெக்கானிக்கிடம் சரி என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டிக் கெட்டுவிட்டது, புதிது வாங்கலாம் என்றேன்.

"அது கெடலீங்க. மாத்தப் போறேன்னு அவ முன்னாடியே எங்கிட்டச் சொன்னாளுங்க."

"உங்கிட்டப் பேசறாளா?"

"தெனமும் பேசறாளுங்க."

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. என்னைப் பற்றி ஏதாவது விசாரித்தாளா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மனைவி துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் கேட்கவில்லை.