மைனி பொருத்திய இக்னிஷன் பெட்டி

இன்று காலை கார் ஷெட்டில் நின்றவர்கள் நான்கு பேர்: நான், என் தம்பி, அவன் வரச்சொன்ன பழைய கார் வியாபாரி, அவர் கூட்டி வந்த டிரைவர். நீங்கள் இல்லை, மைனி. உங்களைக் கட்டிய என் அண்ணன் இறந்த பிறகும் அண்ணனின் காரை விடாமல் ஓட்டிய நீங்கள், போன ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அதை என் பொறுப்பில் விட்டுவிட்டுக் கர்த்தரிடம் போய்விட்டீர்கள். உங்கள் மகளும் வெளிநாட்டிலிருந்து ஃபோனில், "அத்தைகிட்டயே நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

வியாபாரி பானெட்டைத் திறந்தார். பெட்ரோலும் ஈர இரும்பும் கலந்த அந்த மணம் வந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் வண்டித் தகட்டோடு முறுக்கியிருந்த அலுமினியப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இது வண்டியோட வந்த சாமான் இல்லியே, என்னது?" என்று கேட்டார்.

"அது எங்க மைனிக்க கிறுக்கு" என்றான் தம்பி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பானெட்டை மூடினேன். உங்களிடம்தான் பேசவேண்டும் என்று தோன்றியது.

2006-இல் நீங்கள் கீரிப்பாறைப் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு வடசேரிக்கு என் வீட்டுக்கு இறங்கி வருவீர்கள். மழை பெய்தால் கார் வழியில் நின்றுவிடும். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பாயின்ட் தேய்ந்து, ஈரமும் பட்டால் பொறி செத்துவிடும். உரசித் துடைத்துப் போட்டால் அடுத்த மழை வரைக்கும் ஓடும். "எஸ்டேட் பஸ் இருக்குல்லா, மைனி?" என்று தம்பி கேட்டதற்கு நீங்கள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "பஸ் வரணும்னு நினைக்குத நேரத்துக்கு நான் வரணுமாலே? நான் நினைக்குத நேரத்துக்கு நான் வருவேன்."

அவன் விடவில்லை. குடும்பத்தார் எல்லாரையும் வைத்துக்கொண்டு, இனி ஒரு தடவை மழையில் நின்றால் காரை விற்றுவிடவேண்டும் என்று பேசி முடித்தான். நீங்கள் "சரி" என்றீர்கள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "வா மக்கா, பொறி சாகாம இருக்க எலக்ட்ரானிக் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வருவோம்" என்றீர்கள்.

நாகர்கோவில் கடையில் இரண்டு விதம் எடுத்துக் காட்டினார்கள். ஒன்று, பாயின்ட்டையே கழற்றி எறிந்துவிட்டுக் காந்தம் வைத்து வேலை செய்வது. மற்றது, பாயின்ட்டை உள்ளேயே விட்டுவிட்டு அதன்மேல் விழுகிற கரண்டின் பாரத்தைப் பெட்டி சுமப்பது. முதலாவதுதான் புதுசு, அதுதான் நல்லது என்றார் கடைக்காரர். வீட்டுக்கணக்கு எழுதுகிறவளுக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் சாமானை எடுத்தாலும் இது கெட்டுப்போனால் என்ன செய்வது என்றுதான் முதலில் கேட்பாள். கேட்டேன். முதலாவது கெட்டால் வண்டியைக் கட்டித்தான் இழுக்கவேண்டும். இரண்டாவது கெட்டால் ஒயரைப் பழைய இடத்தில் மாட்டி வீடு வந்து சேரலாம். அட்டையில் இருந்த இங்கிலீஷை நானே எழுத்துக்கூட்டிப் படித்து, பொறிக்குக் கரண்டைக் கூட்டித்தருகிற நம் காயிலுக்கு அது பொருந்தும் என்றும் பார்த்தேன். "பழசும் கூடவே கிடக்கட்டும். காட்டு வழியில நமக்கு யாரு வருவா?" என்று நீங்கள் இரண்டாவதை எடுத்தீர்கள்.

மெக்கானிக் மாட்டித்தர மாட்டேன் என்றார். "பொம்பளையளு பேச்சைக் கேட்டு இதெல்லாம் மாட்டுனா நான் பொறுப்பில்ல." சரி என்று என் வீட்டு முற்றத்தில் நாமே மாட்டினோம். பேட்டரி ஒயரைக் கழற்றினீர்கள், துளை போட்டீர்கள், எர்த் ஒயரை வண்டியின் இரும்புச் சட்டத்தில் முறுக்கினீர்கள். கடைசியில், தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ரப்பர் ஷீட் ஒன்றை வெட்டி வைத்தீர்கள். எஸ்டேட் வழக்கம்! உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், தையல் மெஷின், கிரைண்டர் எல்லாம் ரப்பர் ஷீட்டின்மேல்தானே நிற்கும்? ஈரமும் ஏறாது, அதிர்வும் இல்லை என்று எனக்கும் சரியாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் நல்ல மழையில் எஸ்டேட்டுக்குக் கிளம்பினோம். சாட்சிக்காகத் தம்பி பின்சீட்டில் ஏறிக்கொண்டான். மலை தொடங்குகிற இடம் வரைக்கும் கார் பூப்போலப் போனது. பிறகு இரண்டு தடவை விக்கியது, நின்றது.

"நின்னாச்சு!" என்று கை தட்டினான். "நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வாறேன், மைனி."

நான் ஜெபமாலையை எடுத்தேன். நீங்கள் இறங்கிக்கொண்டே, "ஜெபம் சொல்லு மக்கா, சொல்லிக்கிட்டே குடையையும் பிடி" என்றீர்கள். பிடித்தேன். பெட்டியைத் தொட்டுக் கையை உதறினீர்கள். தோசைக்கல் போலச் சுட்டதாம். ஒயர்களைப் பிடுங்கிப் பழைய இடத்தில் மாட்டி, பாயின்ட் இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தீர்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தம்பி அதற்குள் ரோட்டில் இறங்கி நின்று நியாயம் பேசினான்.

"நிக்காதுன்னு சொன்னியளே, நின்னுதா இல்லியா?"

"நின்னது பெட்டி. வண்டி இந்தா ஓடுதுல்லா! ஏலே, ஏறுதியா, இல்ல நடந்து வாறியா?"

ஏறினான்.

அன்றே விஷயம் புரிந்தது. பெட்டியின் சூடு தகட்டில் இறங்கி ஆறவேண்டும். ரப்பர் அதைத் தடுத்துவிட்டது. மழைக்குப் பயந்து போர்த்திய போர்வைக்குள் பெட்டி வெந்துபோயிருந்தது. ஷீட்டை எடுத்து, பெயின்டைச் சுரண்டி, பெட்டியை வெறும் தகட்டோடு முறுக்கினோம். ஆறினதும் அது மறுபடி வேலை செய்தது. அதற்குப் பிறகு எத்தனையோ மழையில் ஓட்டினீர்கள். பொறிக்காக ஒருநாளும் அந்தக் கார் நின்றதில்லை. காரை விற்கிற பேச்சைத் தம்பியும் பிறகு எடுக்கவில்லை, நீங்கள் இருந்தவரைக்கும்.

இப்போது எடுக்கிறான். வியாபாரி போன பிறகு, "ஓட்டத் தெரியாத ஆளுக்கு கார் என்னத்துக்குக்கா? துருப்பிடிக்கவா?" என்று கேட்டான். நான் டிரைவிங் கிளாஸில் சேர்ந்திருப்பதைச் சொன்னேன். "இந்த வயசிலயா!" என்று சிரித்தான். பழசானது வயசு, நான் இந்தா ஓடுகிறேன் என்றேன். இப்படிப் பேச எனக்குச் சொந்தமாக வராது, மைனி. ஒன்று பழுதானால் எது பழுது என்று பிரித்துப் பார்க்கவும், அதைச் சாக்காக வைத்து முழுசையும் கேட்கிறவர்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவும் உங்கள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கற்றதுதான். கோயிலில் திவ்ய நற்கருணை முன்னால் மண்டியிடும்போதும் பணிவைக் கேட்கிறேனே தவிர, இந்தப் பிடிவாதத்தை என்னிடமிருந்து எடுத்துவிடும்படி கேட்பதில்லை.

ஒரு காரியம் மட்டும் தெரியவேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்க ஹேண்ட் பிரேக் போடு என்கிறார் சொல்லித்தருகிறவர். டெஸ்ட் முடிந்து நான் ஓட்டப்போகிற நம் காரில் ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எந்த ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தாலும் கார் ஒரு சாண்கூடப் பின்னால் போகாது. காலில் என்ன செய்தீர்கள்? நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் சொல்லுங்கள், மைனி.