சோலார்காரனிடம் கேட்ட கேள்வி

அன்பு மகனுக்கு,

சோலார் விஷயத்தில் நான் ஏமாறவில்லை, கவலைப்படாதே. வந்தவன் மோசடிக்காரன் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்காமலே, "அப்பா, இன்னைக்கே முழுப் பணமும் கட்டுனாத்தான் இந்த விலை" என்றான்.

நான் மறுக்கவில்லை. தினம் ஒரு சந்தேகம் கேட்டு, மறுநாளும் வரச் சொன்னேன். "பொண்ணு குடுக்கிறவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கப்பா!" என்று சிரிப்பான். உன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பான்.

போன வாரம், எழுதி வைத்திருந்த வரிசைப்படி அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன். "நீ பேனல் மாட்டுன வீடு ஒண்ணைக் காட்டுப்பா."

தலையை ஆட்டிவிட்டுப் போனான். அப்புறம் வரவில்லை.

அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்திருக்க வேண்டும்.

உனக்கு சோலார் பற்றி ஏதாவது சந்தேகம் இருந்தால் கேள். எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன். போனிலேயே கேட்கலாம்.

அப்பா