தமிழுக்கு மட்டும் இறங்கும் குரல்

தெருவில் நான் வாய் திறக்கும்போதெல்லாம் என் கையை இறுகப் பிடித்துக்கொள்ளும் அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகப் போகிறது. எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. என்ன வேலை என்று சொன்னால், நீங்கள் முதலில் எழுந்துபோய் யன்னலைச் சாத்துவீர்கள். பொரளைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், டொக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர்களை மைக்கில் கூப்பிடும் வேலை. சிங்களத்தில் ஒருமுறை, இங்கிலிஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. ஓம் அப்பா, தமிழில்தான். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், ஒலிபெருக்கியில்.

சேர்ந்த புதிதில் குரலுக்கென்று ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். நிமிர்ந்து இருங்கள், வயிற்றிலிருந்து மூச்சை எடுங்கள், கடைசி வரிசையில் இருப்பவருக்குச் சொல்வதாக நினைத்துச் சொல்லுங்கள் என்று ஒரு அம்மா சொல்லித் தந்தார். நான் நன்றாகவே செய்தேன், பாராட்டும் கிடைத்தது. பயிற்சி முழுவதும் சிங்களத்தில் நடந்தது.

பக்கத்து மேசை நிலூஷாதான் முதலில் கண்டுபிடித்தாள். "அக்கே, மைக்கில ஏதும் பிழையா? தமிழ் சொல்லேக்க மட்டும் உங்கட சத்தம் இல்லாமப் போகுதே" என்று சிங்களத்தில் கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, உண்மையாகவே மைக்கைத் தட்டிப் பார்த்தாள். நான் அவளை நம்பவில்லை. அவள் தன் போனில் பதிந்து போட்டுக் காட்டினாள். சிங்களத்தில் நான் செய்தி வாசிப்பவளைப்போல் இருந்தேன். இங்கிலிஷும் பரவாயில்லை. தமிழ் வந்ததும், பக்கத்தில் இருப்பவளிடம் இரகசியம் சொல்வதுபோல் குரல் கீழே போய்விட்டது. அப்படிச் சொல்கிறேன் என்றே எனக்குத் தெரியாது, அப்பா.

அந்த பஸ் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? சண்டை நடந்த காலம், நான் சின்னப் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். "அப்பா, இறங்கிற இடம் வந்திட்டுதோ?" என்று நான் உரக்கக் கேட்டேன். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். ஆனால் நீங்கள் கொள்ளுப்பிட்டியிலேயே என்னை இறக்கி, வெள்ளவத்தையில் எங்கள் வீடு வரைக்கும் அந்த வெயிலில் நடத்திக் கூட்டிவந்தீர்கள். உங்கள் உள்ளங்கை நனைந்திருந்தது. "வெளியில என்னை அப்பா எண்டு கூப்பிடாதை பிள்ளை. தாத்தி எண்டு சிங்களத்தில சொல்லு. இல்லாட்டிப் பேசாமல் இரு" என்றீர்கள்.

பேசாமல் இருப்பதுதான் எனக்குச் சுகமாகப் பட்டது. சோதனைச் சாவடிகள் போய் எத்தனையோ காலம். இன்றைக்கும் பஸ்ஸில் தமிழில் போன் வந்தால் "இறங்கி எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறேன். யாருக்குப் பயந்தீர்கள் அப்பா? அன்றைக்குத் திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவருடைய முகமாவது உங்களுக்குத் தெரியுமா?

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. போன செவ்வாய்க்கிழமை தவமணி என்று ஒரு அம்மா கிளிநொச்சியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தார். இருதய டொக்டரிடம் காட்ட வேண்டும். சிங்களமும் தெரியாது, இங்கிலிஷும் தெரியாது. நான் கூப்பிட்டேன். மூன்று மொழியிலும் கூப்பிட்டேன். சிங்களத்தில் சொல்லும்போதும் தமிழ்ப் பெயர் வரும் இடத்தில் என் குரல் இறங்கிவிடுகிறது என்று பிறகுதான் விளங்கியது. அவர் கடைசி வரிசையில் அப்படியே இருந்தார். மண்டபம் வெறுமையான பிறகு மெதுவாக எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, என்னை இன்னும் கூப்பிடேல்லையோ?"

டொக்டர் போய்விட்டிருந்தார். இனி அடுத்த செவ்வாய்தான் வருவார். அந்த அம்மா என்னைக் கோபிக்கவில்லை. "சரி, வெள்ளவத்தையில சொந்தக்காரர் வீட்டில நிண்டு காட்டிப்போட்டுப் போறன்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு சொன்னார். இந்த ஒரு கிழமைக்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் மேலதிகாரியின் காதுக்குப் போனது. கெட்ட மனிதர் இல்லை அவர். "கேட்காத ஒன்றை எதற்கு மிஸ் சிரமப்பட்டுச் சொல்ல வேண்டும்? அடுத்த கிழமை வரைக்கும் பார்ப்போம். சரிவராவிட்டால் தமிழை விட்டுவிடுவோம். எப்படியும் எல்லாருக்கும் சிங்களம் விளங்கும்தானே" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஓம் அப்பா, நிம்மதி. உங்கள் மகள்தானே நான். அதற்குப் பிறகுதான் தவமணி அம்மா ஞாபகத்துக்கு வந்தார், வெட்கமும் வந்தது.

அன்றிலிருந்து பின்னேரங்களில் கடற்கரைக்குப் போனேன். தண்டவாளத்தின் ஓரமாக நின்று, ரயில் வரும் நேரம் பார்த்து, தமிழ்ப் பெயர்களைக் கத்திக் கத்திப் பழகினேன். ரயில் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியம். ஒரு நாள் ரயில் நான் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்துவிட்டது. "திருமதி பரமேஸ்வரி!" என்று நான் அலறியது கல்லில் குடைக்குள் இருந்த ஒரு சோடிக்கு நன்றாகக் கேட்டது. அந்தப் பெடியன் பதறி எழுந்ததைப் பார்த்தால், பரமேஸ்வரி அவனுடைய தாயோ என்னவோ.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில் மைக்குக்கு முன்னால் வந்து இருந்தால், முதல் வரிசையில் காக்கிச் சட்டையோடு ஒரு பொலிஸ்காரர். வயிற்றிலிருந்து மூச்சை எடு என்றார்களே, அங்கே மூச்சு எங்கே இருந்தது?

தவமணி அம்மாவின் முறை வந்தது. சிங்களத்தில் சொன்னேன். இங்கிலிஷில் சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "திருமதி தவமணி, டொக்டரின் அறைக்கு வாருங்கள்" என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் மண்டபம் முழுவதும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது தலைகள் திரும்பியிருந்தன. காக்கிச் சட்டை எழுந்து நேரே என்னிடம் வந்துகொண்டிருந்தது.

என் கை தானாகக் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது, அப்பா. எடுத்தும்விட்டது. அவர் மேசையில் குனிந்து, "மிஸ், இரத்தம் குடுக்கிற இடம் எந்தப் பக்கம்?" என்று சிங்களத்தில் கேட்டார். அட்டையைப் பிடித்த கையாலேயே வழியைக் காட்டினேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அட்டையைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, தவமணி அம்மா சீலையைச் சரிசெய்துகொண்டு டொக்டரின் அறைக்குள் போய்க்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போகிறார். அவருக்கு இதில் என்ன இருக்கிறது?

நீங்கள் என்னைப் பயப்படுத்தி வளர்த்தீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். உயிரோடு வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். அந்தப் பயம் எனக்குள் இருந்து போகவில்லை, போகுமென்றும் தோன்றவில்லை. ஆனால் அது போகட்டும் என்று நான் காத்திருந்தால், டொக்டர் போய்விடுவார். அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக்கும் பயத்தோடேயே கூப்பிடுவேன், கடைசி வரிசைக்கும் கேட்க.

நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், இறுக்கிவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
சுகந்தி