மஞ்சள் ஃபியூஸ்

அன்பு மகன் எழிலரசனுக்கு, அம்மா சந்திரம்மாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் கண்ணைத் தவிர. அங்கே மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று யோசிப்பாய். நம் வீட்டில் ஒழுங்காக வேலை செய்வது ஒரே போன்தான், அதையும் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நீ அனுப்பும் வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை போட்டுக் கேட்பார். இது அவர் காதில் விழக் கூடாத சங்கதி. எதிர்வீட்டு மெர்சியின் தம்பி ஜெபகுமார் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்பும் பருப்புப் பொடி டப்பாவுக்குள் இதை வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா உனக்குப் போன் பண்ணுவதற்குள் படித்துவிடு.

தீபாவளியிலிருந்து இங்கே மழை விட்டபாடில்லை. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் ஏறுகிறது என்று டிவியில் சொல்லச் சொல்ல, ஏரிக்குக் கீழே இருக்கும் உன் சித்திக்குத் தூக்கம் இல்லை, தினமும் என்னைக் கூப்பிட்டு எனக்கும் இல்லாமல் செய்கிறாள். அப்பா வழக்கம்போல ஒரகடத்தில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டு சுங்குவார்சத்திரத்துக்குப் பிக்கப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். மழை பிடித்த நாளிலிருந்து அவருக்கு ஒரே பேச்சுதான், வண்டிக் கண்ணாடி புகையா கீது, ஒண்ணும் தெர்ல என்று. துணியால் துடைத்தார், யாரோ சொன்னார்கள் என்று உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தார், அதற்குப் பிறகு கண்ணாடி இன்னும் கெட்டுப்போனது. ஏசியைப் போட்டால் கண்ணாடியில் படிந்த பனி விலகும் என்று நீ அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனாய், ஆனால் அதைப் போடச் சொன்னால், டீசல உன் பையனா வந்து ஊத்துவான் என்பார். ஒருநாள் நான் பிடிவாதமாகப் போடச் சொன்னபோதுதான் தெரிந்தது, காற்று வரும் ஃபேனே ஓடவில்லை, ஃபியூஸ் போயிருக்கிறது. அப்பா என்ன செய்தார் தெரியுமா, சிகரெட் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதத்தைப் போன ஃபியூஸின் மேல் சுற்றி அதே இடத்தில் சொருகிவிட்டார். ஓடியது. கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, அதற்கு அப்புறம்தான் கடைக்குப் போனோம்.

வல்லக்கோட்டை ரோட்டில் வண்டி எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் இசக்கியப்பனை உனக்கு நினைவிருக்கும், நீ கம்பெனியில் இருந்தபோது உன் ஹாஸ்டல் நண்பர்களோடு வருவானே, திருநெல்வேலிப் பையன். அவன் அந்த வெள்ளிக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணி வச்சிருக்கிய, ஃபியூஸ் போறதே ஒயரக் காப்பாத்தத்தான, இதச் சுத்தி வச்சா வண்டி எரிஞ்சிரும்லா என்றான். ஃபேனைக் கழற்றினால் உள்ளே ஒரு கை அளவு புங்க இலை. மரத்தடியில் நிறுத்தாதீர்கள் என்று நான் சொன்னால் கேட்டால்தானே. இலையை எடுத்துவிட்டுப் புது மஞ்சள் ஃபியூஸ் போட்டான். போன ஃபியூஸையும் காகிதத்தை உரித்துவிட்டு என் கையில் கொடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னான், உள்ளே மயிரிழை போல ஒரு கம்பி நடுவில் அறுந்திருந்தது. சும்மா பார்த்தால் நல்ல ஃபியூஸுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. ஏதோ தோன்றி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். ஏசி பட்டன்களையும் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காரைச் சுற்றி வளையும் அம்பு இருக்கும் பட்டனை அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்றே சுற்றுமாம், நாம் விடும் மூச்செல்லாம் கண்ணாடியில்தான் படியும். லாரித் தூசிக்குப் பயந்து அப்பா வருஷம் முழுக்க அதை அமுக்கியே வைத்திருந்தார். மழையில் அதை எடுத்துவிட்டு வெளிக்காற்றை விட வேண்டும், ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் படம் போட்ட பக்கம் திருப்பி, சிவப்புப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தால் பனி விட்டுவிடும்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அடுத்த நாள் கேன்டீன் வேலை முடிந்து நானும் வண்டியில் ஏறினேன். நல்ல மழை. நான்தான் பட்டனெல்லாம் திருப்பினேன், அடியிலிருந்து மேலாகக் கண்ணாடி தெளிந்துகொண்டே வந்தது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சுங்குவார்சத்திரம் கிட்டே வரும்போது அப்பா, இன்னாடி இது, இன்னும் புகையாத்தான் கீது, காத்த ஜாஸ்தி வெய்யி என்றார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது, தூரத்து டீக்கடையின் போர்டைக்கூடப் படிக்க முடிந்தது. ஷிப்ட் விட்டுப் பெண்பிள்ளைகள் கழுத்தில் கார்டோடு குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்கள். அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் கத்திக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் பிரேக்கை மிதித்தார். வண்டி வழுக்கிப் போய் நின்றபோது ஒரு பெண் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டவில்லை, போய்விட்டாள். கண்ணாடில ஒண்ணும் தெர்ல என்று அப்பா திரும்பவும் சொன்னார்.

மறுநாளே காஞ்சிபுரத்தில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது, ஆபரேஷன் ஆகும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் அம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள். அப்பா அங்கே தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்ததும், பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம், லோடு வுட்டா வேற எவனாவது பூந்துடுவான் என்றார். விடிந்ததும் சாவியை எடுத்துவிட்டார். சண்டை போட்டேன், சாவியை ஒளித்தேன், சட்டைப் பையில் இன்னொன்று வைத்திருக்கிறார். வேறு வழி தெரியாமல் இசக்கியப்பனிடம் போனேன். அவன் பானெட்டுக்குக் கீழே இருக்கும் பெட்டியில் எஞ்சினுக்குப் போகும் ஃபியூஸ் எது என்று காட்டினான், அதுவும் மஞ்சள்தான். எக்கா, எம் பேர மட்டும் அண்ணாச்சிட்ட சொல்லிராதிய என்றான். நல்லதைப் பிடுங்கிவிட்டு, முடிந்து வைத்திருந்த போன ஃபியூஸை அந்த இடத்தில் சொருகினேன். நல்ல ஃபியூஸ் அஞ்சறைப் பெட்டியில் வெந்தயத்துக்கு அடியில் இருக்கிறது. வெந்தயம் அப்பாவுக்கு ஆகாது, அந்தப் பக்கம் கை போகாது.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் திறந்து குனிந்து குனிந்து பார்த்தார், மூடியில் இருக்கும் எழுத்து தெரியவில்லை. ஃபியூஸெல்லாம் சரியா கீதா பாரு என்று என்னைத்தான் கூப்பிட்டார். எல்லாம் சரியாத்தான் கீது என்றேன், குரல்கூட மாறவில்லை, எனக்கே ஆச்சரியம். இசக்கியப்பன் வந்து டீசல் பம்பில் கோளாறு, சாமான் மெட்ராஸிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். பெட்டிக் கம்பெனி சூப்பர்வைசரிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன், கண் சரியாகும்வரை வேறு வண்டி வைத்துக்கொள்கிறேன், லோடு அவருக்குத்தான் என்றார், நல்ல மனுஷன். இரண்டு நாள் வாசலுக்கும் வண்டிக்கும் நடந்துவிட்டு, வண்டிதான் படுத்துக்கினு கீது, அதுக்குள்ள கண்ணையாச்சும் பாத்துக்கினு வந்துடலாம் என்று அப்பாவே சொன்னார். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கேட்பார். உனக்குத்தான் ஒர்க்‌ஷாப் வேலையாயிற்றே, சட்டென்று ஃபியூஸைப் பார் என்று சொல்லித் தொலைக்காதே.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை பொடிக்கு வறுப்பதற்காக அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். ஃபியூஸ் வெந்தயத்துக்கு அடியிலேயேதான் இருக்கிறது. ஆனால் அதைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறது. நான் வெறுமனே போட்டேன். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும் என்று வண்டிச் சாமானைக் கவரில் சுற்றி வைக்கும் பழக்கம் இந்த வீட்டில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு. பெட்டியை மூடி வைக்கும்போது அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் அவர் வண்டியில் ஏறி ஒரு தடவை செல்ஃப் அடித்தார், இறங்கி வந்து, ஸ்டார்ட் ஆவலடி என்றார், டீ கேட்டார், வியாழக்கிழமை எத்தினி மணிக்குக் கெளம்பணும் என்றார். ஏழு மணிக்கு என்றேன்.

ரூமில் ஏசியைப் பதினெட்டில் வைத்துக்கொண்டு படுக்காதே, மூக்கடைப்பு உனக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு. பொடியில் நெய் ஊற்றிச் சாப்பிடு, ஜெபகுமாருக்கும் கொடு. முருகன் துணையிருக்க நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டியைப் பற்றிக் கேட்டால் பம்புதான் என்று சொல், அவர் அப்படியா என்று கேட்டுக்கொள்வார். அவருக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியாததாகவே இருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா சந்திரம்மாள்